யானைக்கால் நோய் ஆய்வுகள்: புழுவுக்கு ஒரு நூலகம், காலுக்கு ஓர் அலமாரி

இரண்டாம் உலகப்போரின்போது பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கக் கடற்படையினரை ஒரு புது நோய் பிடித்தது. தொடையிடுக்கில் நெறி கட்டியது. கை கால் சிவந்து வலித்தது, விரை வீங்கியது. சமோவா மக்கள் அதை ‘முமு’ என்று சொன்னார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் இந்த நோய்க்கணக்கில் சேர்ந்தார்கள். உயிர் போகாது என்று மருத்துவர்கள் சொன்னாலும், ஆண்மை போய்விடும், கால் யானைக்காலாகிவிடும் என்ற பயம் முகாம் முழுக்க இருந்தது. கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியதும் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாயிற்று. அந்தச் சில ஆண்டுகளில்தான் புழுவால் வரும் யானைக்கால் நோயைப் பற்றி அமெரிக்க மருத்துவ இதழ்களில் கட்டுரைகள் குவிந்தன. லேடர்லே மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்கள் புழுக்களின் மேல் சோதிக்கப்பட்டன. 1947-இல் டை எத்தில் கார்பமசின் வந்தது. நம் ஊரில் ‘யானைக்கால் மாத்திரை’ என்று கையில் கொடுக்கிறார்களே, அந்த டி.இ.சி. இதுதான்.

அதே காலத்தில் கும்பகோணத்திலும் கொச்சியிலும் புரியிலும் இந்த நோயோடு தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். எண்ணிக்கையில் அமெரிக்கப் படையினர் அவர்களின் பக்கத்தில் வரவே மாட்டார்கள். ஆனால் ஆய்வு அவர்களுக்காகப் பெருகவில்லை. ஒன்றரை நூற்றாண்டாக இந்த நோயைப் பற்றி வெளியான ஆய்வுகளைக் கால வரிசையில் வைத்துப் படிப்பவர் இந்த ஒழுங்கைத் திரும்பத் திரும்பக் காண்பார். நோயாளிகள் கூடியதால் கட்டுரைகள் கூடிய கட்டம் அநேகமாக இல்லை. புதிய கருவி ஒன்று வந்தபோது, மருந்து இலவசமாகக் கிடைத்தபோது, பணம் படைத்த யாருக்கோ அக்கறை வந்தபோதுதான் கூடியிருக்கின்றன. அப்படிக் கூடியபோதெல்லாம் ரத்தத்தில் ஓடும் புழுவுக்குக் கிடைத்த கவனம் வீங்கிப்போன காலுக்குக் கிடைக்கவில்லை.

எவ்வளவு பேருக்கு இந்த நோய் என்ற கேள்விக்கே பதில் மாறிக்கொண்டிருக்கிறது. உலகில் 12 கோடிப் பேர் தொற்றுக்கு ஆளானவர்கள், அவர்களில் 4 கோடிப் பேர் உறுப்புச் சிதைந்தவர்கள் என்பது 1990-களிலிருந்து எல்லாக் கட்டுரைகளின் முதல் பத்தியிலும் வந்த கணக்கு. அந்த 4 கோடியில் 2.5 கோடி விரைவீக்கம் கொண்ட ஆண்கள், 1.5 கோடி கை கால் வீங்கியவர்கள். பின்னாளில் புள்ளியியல் மாதிரிகளைக் கொண்டு திரும்பக் கணக்கிட்டவர்கள், 2000-இல் தொற்று 19.9 கோடியாக இருந்தது, 2018-இல் ஏறக்குறைய 5.1 கோடிக்கு இறங்கியது என்றார்கள். இருபது ஆண்டு அப்படியே பிரதியெடுக்கப்பட்ட எண் அவ்வளவு தள்ளியிருந்தது என்பது ஆய்வுலகத்தின் பழக்கத்தைப் பற்றியும் ஏதோ சொல்கிறது.

கட்டுரைகளை எண்ணுவதிலும் இதே தொல்லை உண்டு. இன்று ஒரு நோயின் ஆய்வுப் போக்கை அளக்க விரும்புகிறவர் மெட்லைன், ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளங்களில் சொல்லைத் தட்டி வரும் எண்ணை ஆண்டுவாரியாகக் கோடு போடுகிறார். கோடு அழகாக மேலே ஏறும். ஆனால் மெட்லைனில் எல்லா இதழும் இல்லை. கல்கத்தாவின் ‘இந்தியன் மெடிக்கல் கெஸட்’ போன்ற பழைய இதழ்களில் வந்தவை பல தேடலில் சிக்குவதில்லை. சீனா இன்னும் பெரிய எடுத்துக்காட்டு. ஒரு காலத்தில் உலகிலேயே மிக அதிகமாக யானைக்கால் நோய் இருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. மாத்திரை கொடுத்தார்கள், சமையல் உப்பில் டி.இ.சி.யைக் கலந்து கோடிக்கணக்கானோரைச் சாப்பிட வைத்தார்கள், நோயை ஒழித்தும் விட்டார்கள். 2007-இல் உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது. இந்த நோயின் வரலாற்றிலேயே மிகப் பெரிய வெற்றி அது. அதன் ஆவணங்களில் பெரும்பகுதி சீன மொழி இதழ்களில் கிடக்கிறது. ஆங்கிலத் தரவுத்தளத்தை வைத்துக் கோடு போட்டால் அந்த வெற்றி ஒரு சின்ன மேடாகத்தான் தெரியும்.

தொடக்க காலக் கண்டுபிடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல நாடுகளில் நடந்தவை. 1863-இல் பாரிஸில் தெமார்க்கே விரைவீக்க நீரில் புழுவின் இளம்பருவமான நுண்புழுவைக் கண்டார். 1866-இல் பிரேசிலின் பாஹியாவில் வூஹரர் அதைச் சிறுநீரில் பார்த்தார். 1872-இல் கல்கத்தாவில் டிமோதி லூயிஸ் ரத்தத்தில் பார்த்தார். 1876-இல் ஆஸ்திரேலியாவில் ஜோசப் பான்கிராஃப்ட் முதிர்ந்த புழுவையே எடுத்துக் காட்டினார். மறு ஆண்டு சீனாவின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மான்சன் தன் வேலைக்காரர் ஹின் லோவைக் கொசுக்கள் நிறைந்த அறையில் படுக்கவைத்து, அவர் ரத்தத்தைக் குடித்த கொசுக்களை அறுத்துப் பார்த்தார். கொசுவின் உடலுக்குள் புழு வளர்வது தெரிந்தது. பூச்சியொன்று மனித நோயைச் சுமக்கிறது என்று முதன்முதலாகக் காட்டிய சோதனை அது. மலேரியாவில் ரொனால்ட் ராஸ் செய்ததற்கு இருபது ஆண்டு முன்னாலேயே நடந்தது. வெப்பமண்டல மருத்துவம் என்ற துறை இங்கிருந்து பிறந்தது என்று சொல்வார்கள். ஹின் லோ இதற்கு மனமுவந்து சம்மதித்தாரா என்று கட்டுரைகள் பெரும்பாலும் கேட்பதில்லை.

மான்சன் ஓரிடத்தில் பிசகினார். கொசு தண்ணீரில் விழுந்து சாகும், அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவருக்குப் புழு போகும் என்று நினைத்தார். கொசுக்கடி வழியாகத்தான் புழு உள்ளே நுழைகிறது என்பதற்கு 1900 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லண்டனில் ஜார்ஜ் கார்மைக்கேல் லோ கொசுவின் உறிஞ்சுகுழலுக்குள்ளேயே புழுவைக் கண்டார். அதே ஆண்டு திருவாங்கூரிலிருந்து எஸ்.பி. ஜேம்ஸ் என்ற மருத்துவ அதிகாரியும் கொசுவுக்குள் புழு மாறிவரும் நிலைகளை எழுதினார். அந்தத் திருவாங்கூர்தான் அடுத்த நாற்பது ஆண்டுகளில் இந்த நோயைப் பற்றிய மிகப் பொறுமையான களஆய்வைத் தந்தது. எம்.ஓ.டி. ஐயங்கார் 1938-இல் வெளியிட்ட திருவாங்கூர் ஆய்வில் கொசு, குளம், செடி, மனிதன் எல்லாமும் ஒரே கணக்கில் வருகின்றன. சேர்த்தலைப் பகுதியில் நோயைப் பரப்பிய மன்சோனியா கொசுவின் புழுப்பருவம் மற்றக் கொசுக்களைப் போல நீர்மட்டத்துக்கு வந்து மூச்சுவிடாது. நீர்ச்செடிகளின் வேரில் குழாயைக் குத்தி அதிலிருந்து காற்றை எடுக்கும். அந்தச் செடி ஆகாயத்தாமரை. அதையோ மக்கள் தென்னைக்கு உரமாக வளர்த்தார்கள். நோயைத் தடுக்க வேண்டுமானால் தென்னந்தோப்பின் பொருளாதாரத்தைப் பேச வேண்டும் என்ற நிலை. இன்றைய ஆய்வு மொழியில் இதற்கு நீளமான பெயர்கள் உண்டு. ஐயங்கார் குளத்தங்கரைகளில் நடந்தே அதைக் கண்டுகொண்டார்.

விடுதலைக்குப் பின் 1955-இல் தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. டி.இ.சி. மாத்திரையை ஊர் முழுக்கக் கொடுப்பது, வீடுகளில் மருந்தடிப்பது, சாக்கடையில் கொசுப்புழுவைக் கொல்வது என்று மூன்று வழியாகவும் முயன்றார்கள். சில ஆண்டுகளிலேயே மாத்திரை தோற்றது. பல நாள் தொடர்ந்து விழுங்க வேண்டும். விழுங்கினால் புழுக்கள் சாகும்போது காய்ச்சல், தலைவலி வரும். நல்ல உடம்போடு இருக்கிறவன் ஏன் காய்ச்சலை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மக்கள் மறுத்துவிட்டார்கள். 1960-61-இல் நடந்த மதிப்பீட்டுக்குப் பிறகு திட்டம் நகரங்களின் சாக்கடைக்குள் சுருங்கியது. கிராமம் கணக்கிலிருந்தே விலகியது. அந்தக் கால இந்திய ஆய்வுக் கட்டுரைகளை இப்போது புரட்டினால் ஊர் ஊராக ரத்தம் எடுத்த கணக்கும் கொசு பிடித்த கணக்கும்தான் நிறைய. இரவு பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டி விரலில் குத்தியவர்கள் எழுதியவை அவை. நுண்புழு பகலில் நுரையீரலின் ரத்தக்குழாய்களில் ஒளிந்திருந்து, கொசு கடிக்கும் நள்ளிரவில்தான் தோலுக்கடியிலுள்ள ரத்தத்துக்கு வருகிறது. அதனால் வேறு வழியும் இல்லை. இந்தக் கட்டுரைகளை இன்று யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. எனக்கு அவற்றின் மேல் தனி மரியாதை உண்டு. பிற்பாடு வந்த பெரிய முடிவுகள் பல இந்தச் சலிப்பூட்டும் அட்டவணைகளின் தோளில்தான் ஏறி நின்றன.

அதற்குப் புதுச்சேரியே சாட்சி. 1975-இல் அங்கே கொசுக்கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் வந்தது. 1981 முதல் 1985 வரை நகரம் முழுவதையும் ஒரு சோதனைக் களமாக்கினார்கள். ஊர் முழுக்க மாத்திரை கொடுப்பதை நம்பாமல் சாக்கடை, கிணறு, கழிவுத்தொட்டி எல்லாவற்றிலும் கொசு பிறக்கும் இடங்களை அடைப்பதே முதல் வேலை. சிறுவர்களிடம் தொற்று குறைந்தது. திட்டம் முடிந்து கையை எடுத்ததும் கொசு பழைய அளவுக்குத் திரும்பியது. அந்த ஐந்தாண்டில் வீடு வீடாகத் திரட்டிய கணக்குதான் பின்னர் நெதர்லாந்தில் ‘லிம்ஃபாசிம்’, இங்கிலாந்தில் ‘எபிஃபில்’ என்ற இரண்டு கணித மாதிரிகளுக்கு உணவாயிற்று. ஆப்பிரிக்காவில் எத்தனை ஆண்டு மருந்து கொடுத்தால் போதும் என்று இன்று கணினி சொல்லும் பதிலின் அடியில் எங்கோ புதுச்சேரிச் சாக்கடையின் கொசு எண்ணிக்கை இருக்கிறது. மாதிரிகளைப் பற்றிய கட்டுரைகள் உயர்ந்த இதழ்களில் வந்து நிறைய மேற்கோள் பெற்றன. மூலக் கணக்கு பழைய அறிக்கைகளிலேயே தங்கிவிட்டது.

ஆய்வகத்துக்குள் நடந்தது வேறு கதை. யானைக்கால் நோயில் பத்தில் ஒன்பது பங்கு உச்செரேரியா பான்கிராஃப்டி என்ற புழுவால் வருகிறது. மீதிக்குப் பெரும்பாலும் ப்ரூஜியா மலாயி காரணம். ஆய்வகக் கட்டுரைகளில் விகிதம் ஏறக்குறையத் தலைகீழ். காரணம் எளிது: பான்கிராஃப்டி மனித உடலை விட்டு வேறெதிலும் எளிதாக வளராது, ப்ரூஜியாவைப் பாலைவன எலி போன்ற சிறு விலங்குகளில் வளர்க்கலாம். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வரை எல்லோரும் வளர்க்க முடிந்த புழுவைத்தான் படித்தார்கள். 1994 முதல் உலகளவில் ஒரு மரபணுக் கூட்டுமுயற்சி நடந்து 2007-இல் ப்ரூஜியாவின் மரபணுத் தொகுதி ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. பான்கிராஃப்டிக்கு இன்னும் சில ஆண்டு ஆயிற்று. இதைக் குறையென்று சொல்ல மனம் வரவில்லை; கையில் கிடைப்பதை வைத்துத்தானே எவரும் வேலை செய்ய முடியும்? ஆனால் ஒரு நோயின் அறிவியல் அந்த நோயாளிகளில் பத்தில் ஒரு பங்கினரின் புழுவை மையமாக வைத்து எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஆய்வுத் தொகுப்புகள் எடுத்துச் சொல்வதில்லை.

புழுவின் உள்ளே ஒரு பாக்டீரியா இருப்பது 1970-களிலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்துவிட்டது. படத்தைப் போட்டார்கள், விட்டுவிட்டார்கள். இருபது ஆண்டு கழித்து, மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் முறை கைக்கு வந்த பிறகு, அது வோல்பாக்கியா என்று புரிந்தது. அது இல்லாமல் புழுவால் இனம்பெருக்க முடியாது என்பதும் தெரிந்தது. சாதாரண ஆன்டிபயாடிக்கான டாக்சிசைக்ளினால் புழுவையே சாகடிக்கலாம் என்று 2005-இல் தான்சானியாவில் நடந்த சோதனை ‘லான்செட்’ இதழில் வந்தது. அதன்பின் வோல்பாக்கியா கட்டுரைகள் தனி ஓடையாகப் பெருகின. ஆறு வாரம், எட்டு வாரம் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் சாப்பிடக்கூடாது. ஊர் முழுக்கக் கொடுக்கக்கூடிய மருந்தல்ல. இந்த இடைவெளியை அடைக்கும் மருந்து இன்னும் வந்தபாடில்லை.

பெரிய திருப்பம் 1990-களில். இரண்டு விஷயங்கள் ஒன்றுசேர்ந்தன. ஒன்று கருவி: பகலில் எடுத்த ஒரு துளி ரத்தத்தில், புழு வெளியிடும் புரதத்தைக் காட்டும் அட்டை. நள்ளிரவு ரத்தம் தேவையில்லாமல் போனது. 1997-க்குப் பிறகு அந்த அட்டை கையில் கிடைத்த இடங்களிலிருந்தெல்லாம் நோய்ப்பரவல் கட்டுரைகள் வரத் தொடங்கின. அதுவரை வரைபடத்தில் வெறுமையாக இருந்த ஆப்பிரிக்க மாவட்டங்களும் கணக்குக்குள் வந்தன. இன்னொன்று மருந்து. டி.இ.சி.யைப் பன்னிரண்டு நாள் கொடுக்க வேண்டியதில்லை, ஆண்டுக்கு ஒருமுறை ஒரே வேளை போதும் என்று பல நாடுகளின் சோதனைகள் காட்டின. 1988-இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் மருத்துவர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து யானைக்கால் நோய்க்கு ஐவர்மெக்டின் கொடுத்துப் பார்த்த சோதனையும் அந்த வரிசையில் முக்கியமான ஒன்று. 1993-இல் ஒழிக்கக்கூடிய ஆறு நோய்களின் பட்டியலில் இது இடம்பெற்றது. 1997-இல் உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் போட்டது. மறு ஆண்டு ஸ்மித்கிளைன் பீச்சம் அல்பெண்டசோலையும், மெர்க் ஐவர்மெக்டினையும் தேவைப்படும் வரை இலவசமாகத் தருவதாக அறிவித்தன. 2000-இல் உலகத் திட்டம் தொடங்கியது.

அன்றிலிருந்து ஆய்வின் பொருளே மாறியது. புழு எப்படி வாழ்கிறது என்ற கேள்வி பின்னுக்குப் போய், மாத்திரை எத்தனை பேர் கைக்குப் போனது, எத்தனை பேர் விழுங்கினார்கள் என்ற கேள்வி முன்னே வந்தது. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதை மிகத் தெளிவாகச் சொன்னவை தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் ஒடிசாவிலும் நடந்த ஆய்வுகள். அரசுப் பதிவேட்டில் மாத்திரை வாங்கியவர்கள் நிறைய; வீட்டில் போய்க் கேட்டால் விழுங்கியவர்கள் குறைவு. மிச்ச மாத்திரை அலமாரியில், பரணில், குப்பையில். இன்று உலகம் முழுக்க ‘கண்முன்னே விழுங்க வைப்பது’ விதியாகியிருப்பதில் அந்தச் சின்னக் களக் கட்டுரைகளுக்கும் பங்கு உண்டு.

திருக்கோவிலூர்ப் பகுதிக் கிராமங்களில் மதுரைக் கொசு ஆய்வு மையத்தினர் செய்த சோதனை இன்னும் சுவையானது. சில ஊர்களில் மருந்து மட்டும். சில ஊர்களில் மருந்தோடு கழிவுநீர்க் குழிகளில் தெர்மாகோல் மணிகளைக் கொட்டி நீர்மட்டத்தை மூடினார்கள். கொசுப்புழு மூச்சுவிட இடமில்லாமல் செத்தது. கிணறுகளில் மீன் விட்டார்கள். மருந்தை நிறுத்திய பிறகு, கொசுவையும் கட்டுப்படுத்திய ஊர்களில்தான் பயன் தங்கியது. கொசுவைத் தனியே கவனிக்காமல் மருந்தை மட்டும் நம்பலாமா என்ற கேள்விக்கு இவ்வளவு நேரடியான பதில் அரிது. ஆனாலும் உலகத் திட்டம் மருந்தின் பக்கமே நின்றது. இலவச மருந்துக்கு நிறுவனங்கள் இருந்தன. தெர்மாகோல் மணிக்கு யாரும் இல்லை. ஆய்வு எங்கே போகிறது என்பதைப் பல நேரங்களில் இவ்வளவு சாதாரணமான காரணமே தீர்மானித்திருக்கிறது.

2007-இல் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுக்கென்றே ‘பிளாஸ்’ நிறுவனம் ஓர் இலவச இணைய இதழைத் தொடங்கியது. படிப்பவருக்கு இலவசம், எழுதுபவர் கட்டணம் கட்ட வேண்டும், முடியாதவர்களுக்கு விலக்கும் உண்டு. கேட்ஸ் அறக்கட்டளையின் பணமும் அதே ஆண்டுகளில் வந்தது. கட்டுரைகள் எண்ணிக்கையில் ஏறின, தரமும் ஏறியது. கூடவே ஒரு பழைய வழக்கம் கெட்டிப்பட்டது. களம் இந்தியாவில், ஹைதியில், பப்புவா நியூ கினியில்; பணமும் திட்ட வரைவும் அமெரிக்காவில், ஐரோப்பாவில்; கட்டுரையின் முதல் பெயரோ கடைசிப் பெயரோ அங்கிருந்தே. எல்லாக் கட்டுரையும் அப்படி என்று சொன்னால் அநியாயம். புதுச்சேரி, சென்னை, புவனேஸ்வர் குழுக்கள் தங்கள் பெயரில் வலுவான வரிசையை வைத்திருக்கின்றன. இந்தியாவில் இந்த நோயால் ஆண்டுக்கு ஏறக்குறைய 100 கோடி டாலர் இழப்பு என்று 2000-இல் கணக்குப் போட்டுக் கொள்கை வகுப்பாளர்களை நிமிர்ந்து உட்கார வைத்ததும் புதுச்சேரி ஆய்வாளர்களின் கட்டுரைதான். ஆனால் அடுத்த கேள்வி என்ன என்பதைப் பெரும்பாலும் பணம் வரும் திசையே எழுதுகிறது.

மருந்து ஆய்வு இன்னும் மெலிந்தது. 1975 முதல் 1999 வரை உலகில் சந்தைக்கு வந்த 1,393 புதிய மருந்துகளில் வெப்பமண்டல நோய்களுக்கும் காசநோய்க்கும் சேர்த்து 16 மட்டுமே என்று 2002-இல் ஒரு கட்டுரை எண்ணிக் காட்டியது. அடுத்த பன்னிரண்டு ஆண்டைக் கணக்கிட்ட இன்னொரு ஆய்வில், 336 புதிய வேதிப்பொருள்களில் புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கானவை நான்கு. யானைக்கால் நோய்க்கு நாம் இன்று கொடுக்கும் மூன்று மருந்துகளில் ஒன்றான டி.இ.சி. போர்க்காலத்து வாரிசு. மற்ற இரண்டும் கால்நடைகளுக்காகப் பிறந்து மனிதனிடம் வந்தவை.

அந்த மூன்றையும் ஒரே வேளையில் சேர்த்துக் கொடுத்ததுதான் கடந்த பத்தாண்டின் பெரிய செய்தி. பப்புவா நியூ கினியில் நடந்து 2018-இல் வெளியான சோதனையில், மூன்று மருந்தையும் ஒரே ஒருமுறை விழுங்கியவர்களில் 96 சதவீதத்தினரின் ரத்தத்தில் ஓராண்டு கழித்தும் நுண்புழு இல்லை. இரண்டு மருந்து விழுங்கியவர்களில் 32 சதவீதத்தினருக்குத்தான் அப்படி. ஐந்து நாடுகளில் 26,836 பேரிடம் பாதுகாப்பு சோதிக்கப்பட்டது. கர்நாடகத்தின் யாத்கிரும் அதில் ஒரு களம். 2018-லேயே பிகாரின் அர்வல் மாவட்டத்தில் இந்தியா இதைத் தொடங்கியது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் இதைக் கொடுக்க முடியாது. ஆற்றுக்குருடு உள்ளவருக்கு டி.இ.சி. கண்ணைப் பாதிக்கும், லோவா லோவா புழு நிறைய உள்ளவருக்கு ஐவர்மெக்டின் மூளையைப் பாதிக்கும்.

இனி அந்தக் காலுக்கு வருவோம். நுண்புழு ரத்தத்திலிருந்து போய்விட்டாலும் வீங்கிய கால் வீங்கியதாகவே இருக்கிறது. நெறி கட்டி, குளிர்காய்ச்சல் வந்து, கால் சிவந்து சூடேறி ஒரு வாரம் படுக்கையில் போடும் அந்தத் தாக்குதல் மழைக்காலத்தில் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொன்றும் காலை இன்னும் கொஞ்சம் தடிக்க வைக்கும். இதற்குப் புழுதான் காரணம் என்று பலர் நெடுங்காலம் நம்பினார்கள். 1990-களில் பிரேசிலின் ரெசிஃபெ நகரில் ஜெரூசா ட்ரெயரும் அவருடைய குழுவினரும் அல்ட்ராசவுண்டில் உயிருள்ள புழுக்கள் நிணநீர்க் குழாய்க்குள் ஓயாமல் நெளிவதைக் கண்டார்கள். ‘புழு நடனம்’ என்று பெயரிட்டார்கள். அதோடு நிற்காமல் நோயாளிகளின் காலைத் தினமும் பார்த்தார்கள். விரலிடுக்கு வெடிப்பு, சேற்றுப்புண், அதன் வழியாக நுழையும் பாக்டீரியா — இவைதான் அந்தக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் என்று எழுதினார்கள். மருத்துவம் என்ன? தினமும் சோப்பு போட்டுக் கழுவுவது, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைப்பது, புண்ணுக்கு மருந்து போடுவது, காலை உயர்த்தி வைப்பது, நடப்பது. காசர்கோட்டில் ஒரு தோல் மருத்துவ நிலையம் இதோடு ஆயுர்வேதத் தோல் பராமரிப்பையும் யோகாசனத்தையும் சேர்த்து நோயாளிகளின் காலளவைத் தொடர்ந்து அளந்து வெளியிட்டது.

சோப்பும் தண்ணீரும் உள்ள மருத்துவத்தை ஆராய எந்த நிறுவனமும் வரிசையில் நிற்காது. ஒழிப்புத் திட்டத்துக்கு இரண்டு தூண்கள் என்று 2000-லிருந்தே சொல்லிவருகிறார்கள்: பரவலைத் தடுப்பது ஒன்று, நோயாளியைப் பார்த்துக்கொள்வது மற்றொன்று. வெளியான கட்டுரைகளில் முதல் தூண் எவ்வளவு பருமன், இரண்டாவது எவ்வளவு மெலிவு என்பது தலைப்புகளைப் படித்தாலே தெரியும். கானாவில் நடந்து 2012-இல் வந்த ஒரு சிறு சோதனை டாக்சிசைக்ளின் காலின் வீக்கத்தையும் குறைக்கிறது என்று நம்பிக்கை தந்தது. இந்தியா, இலங்கை, மாலி ஆகிய நாடுகளிலும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அண்மையில் வந்த முடிவுகளில் மருந்து சாப்பிட்டவரும் வெறும் மாத்திரை சாப்பிட்டவரும் ஏறக்குறைய ஒரேபோல இருந்தார்கள். இரு தரப்பும் தினமும் கால் கழுவினார்கள். இரு தரப்புக்கும் தாக்குதல் குறைந்தது. மருந்துக்கு இது தோல்வி என்று எழுதப்பட்டது. கால் கழுவியதற்கு வெற்றி என்று எவரும் தலைப்புப் போடவில்லை.

விரைவீக்கம் இன்னும் ஒதுக்குப்புறம். ஒரு சிறு அறுவை சிகிச்சையில் தீரும் நோய் அது. கோடிக்கணக்கான ஆண்கள் அதை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு வயலுக்குப் போகிறார்கள். ஓதம் என்று சொல்லிக்கொள்வார்கள், மருத்துவமனைக்கு வரமாட்டார்கள். மனநோய்க்கணக்கு 2015-இல்தான் வந்தது: இந்த நோயாளிகளிடம் உள்ள மனச்சோர்வு மட்டும் ஆண்டுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆரோக்கிய வாழ்வாண்டுகளைப் பறிக்கிறது. யானைக்கால் நோய்க்கென்று அதுவரை சொல்லப்பட்ட மொத்த இழப்பைவிட அது ஏறக்குறைய இரு மடங்கு. அதாவது நோயின் பெரிய பாதி 2015 வரை கணக்கிலேயே இல்லை. இதற்குப் பின்னும் மனநலம் பற்றிய கட்டுரைகள் சிலவே. தமிழ்நாட்டுப் பெண்களுக்குக் கல்யாணம் தட்டிப்போவதைப் பற்றியும் கணவன் வீட்டிலிருந்து அனுப்பப்படுவதைப் பற்றியும் எழுதியவை அதிலும் சில.

இப்போது கட்டுரைகளின் போக்கு மீண்டும் மாறுகிறது. 2000-லிருந்து 900 கோடிக்கும் அதிகமான மருந்துவேளைகள் கொடுக்கப்பட்டுவிட்டன. இலங்கை, மாலத்தீவு, தாய்லாந்து, டோகோ, எகிப்து, பங்களாதேஷ் என்று ஒழித்த நாடுகளின் பட்டியல் நீள்கிறது. இந்தியா முதலில் 2015 என்று குறித்த இலக்கு தள்ளித் தள்ளி இப்போது 2027-இல் நிற்கிறது. ஆய்வாளர்கள் கடைசிக் கட்டத்தைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்: மிச்சத் தொற்றை எப்படிக் கண்டுபிடிப்பது, மருந்தை எப்போது நிறுத்துவது. இங்கேதான் அச்சமூட்டும் செய்திகள் வருகின்றன. அமெரிக்க சமோவா 2011-லும் 2015-லும் அதிகாரபூர்வத் தேர்வுகளில் தேறியது. 2016-இல் பார்த்தபோது தொற்று திரும்பியிருந்தது. அந்தத் தேர்வு ஆறு, ஏழு வயதுப் பள்ளிக்குழந்தைகளின் ரத்தத்தைப் பார்க்கும். தொற்றோ மாத்திரைக்குத் தப்பிய பெரியவர்களிடம் இருந்தது.

இலங்கையின் கதை இன்னும் நுணுக்கமானது. அங்கே 1947-லிருந்தே யானைக்கால் எதிர்ப்பு இயக்கம் உண்டு. 2002 முதல் 2006 வரை மருந்து கொடுத்து 2016-இல் ஒழிப்புச் சான்றிதழ் பெற்றார்கள். ஆனால் மருந்தை நிறுத்திப் பல ஆண்டு கழித்தும் காலி மாவட்டத்துக் கடற்கரையில் தொற்று லேசாக ஒட்டிக்கொண்டிருப்பதை நுட்பமான ஆய்வுகள் காட்டின. கொசுக்களைப் பிடித்து அரைத்து மரபணு பார்த்தால் புழு தெரிந்தது. அதோடு, தீவை விட்டுப் போய்விட்டதாக 1960-களிலிருந்து நம்பப்பட்ட ப்ரூஜியாவும் மீண்டும் தலைகாட்டியிருக்கிறது. இந்த முறை நாய்களிடமும் பூனைகளிடமும் அது இருக்கிறது. கேரளத்து நாய்களிலும் அதைக் கண்டிருக்கிறார்கள். மனிதருக்கு மாத்திரை கொடுப்பதை மட்டுமே வைத்துக் கட்டிய திட்டத்தில் நாய்க்கு இடமில்லை. கால்நடை மருத்துவரும் கொசு ஆய்வாளரும் ஒரே களத்தில் இறங்கிச் செய்ய வேண்டிய வேலை இது. ஒழித்துவிட்டோம் என்று சான்றிதழ் வாங்கிய நோய்க்கு எந்த அமைச்சகம் பணம் ஒதுக்கும் என்பதுதான் கொழும்பில் இப்போது ஆய்வாளர்கள் முன்னால் இருக்கும் கேள்வி.